வழியில் பிறந்தவளுக்கு ஒரு டப்பா பால்மாவு

மேனாம்பேட்டுக் கிணற்றடியில் தினமும் காலையில் ஒரே கேள்வி எனக்காகக் காத்திருக்கிறது. "இன்னா ரங்கூன்காரே, எப்போ ஊருக்குப் போறீங்கோ?" கெட்ட எண்ணம் கிடையாது, பல் விளக்குவதுபோல அதுவும் ஒரு பழக்கம். நான் பிறந்ததே இந்த ஊரில்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ரங்கூன் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்த பதினோரு வருஷமும் பர்மாக்காரர்கள் இதையேதான் கேட்டார்கள். அப்போது ஊர் என்றால் மேனாம்பேடு, இப்போது ரங்கூன். நான் நிற்கிற இடம் மட்டும் எப்போதும் என் ஊர் இல்லை. என்னைப்போல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த நண்பர்களே, உங்களுக்கும் இதே உபசாரம் நடந்திருக்கும்.

சர்க்காரைக் குறை சொல்லக் கூடாது. ரங்கூனில் குண்டு விழுந்தபோது எங்களுக்குக் கப்பலில் இடமில்லை; வந்து சேர்ந்தபின் கருணை பொங்கிவிட்டது. அகதித் தாய்மார்களின் கைக்குழந்தைக்கு வாரம் ஒரு டப்பா பால்மாவு, கூடவே சோப்பும் கம்பளியும். அம்பத்தூர் சித்திரை வெயிலில் கம்பளி எதற்கென்று கேட்டால் நன்றி கெட்டவன் என்பார்கள். என் மனைவி மரகதம் மலைப்பாதையில் ஒரு மரத்தடியில் பிள்ளை பெற்று, மூன்றாம் நாள் எழுந்து நடந்தவள். அவளுக்குப் பால் சுத்தமாக வற்றியிருந்தது. அப்படிப் பிறந்த எங்கள் மகள் வள்ளி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தோம். டப்பா கிடைக்காவிட்டால் பிள்ளை தங்காது. இந்த ஒரு வரியை நான் கேலியாக எழுதவில்லை.

அகதி உதவி ஆபீசில் குமாஸ்தா மிகவும் மரியாதையான மனிதர். பிறப்புச் சீட்டு கேட்டார்.

"குழந்தை எங்கே பிறந்தது?"

"வழியில், சார்."

"வழின்னு ஒரு ஊர் கிடையாதே. எந்தக் கிராமம்?"

"கிராமம் இல்லை, காடு."

"அந்த எல்லைக்கு ஒரு கிராம முன்சீப் இருப்பாரே, அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

அந்தக் காட்டில் இப்போது ஜப்பான்காரன் இருக்கிறான். பிறப்புப் பதிவையும் அவனே பார்த்துக்கொள்கிறானோ என்னவோ! மரகதத்தின் மடியில் கிடந்த வள்ளியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "குழந்தை இருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. பிறந்ததுக்குத்தான் அத்தாட்சி கேட்கிறேன்" என்றார்.

எங்கள் எதிர்வீட்டு எல்லம்மா, நாற்று நடப் போகிறவள், மூன்று மாதப் பிள்ளைக்காரி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? இங்கியே பொறந்துச்சுன்னு எழுதிக்கினு போ." எங்கள் ஊர் முன்சீப்பும் இரக்கப்பட்டு அப்படியே எழுதிக்கொடுத்தார். அதைப் பார்த்ததும் குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. "மேனாம்பேட்டிலேயே பிறந்ததா? அப்போ இது அகதியே இல்லையே! டப்பா அகதிக் குழந்தைக்குத்தான்." வழியில் பிறந்தால் பிறக்கவில்லை, ஊரில் பிறந்தால் அகதியில்லை. இப்படி ஒரு சட்டத்தை எழுத எத்தனை பேர் ராக்கண் விழித்தார்களோ, பாவம்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை வீசி எறிந்தேன். "நம்ம பொண்ணு செத்துருவாளா?" என்று மரகதம் கேட்டாள். வாசலில் நின்றிருந்த எல்லம்மா உள்ளே வந்து, "இன்னாய்யா, காயிதம் வந்தாத்தான் புள்ளைக்குப் பசிக்குமா? இங்க குடு" என்று வள்ளியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வள்ளி குடிக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பி நின்று அழுதேன். ஒருவேளைக் கூழ் குடிக்கிறவளின் பால், அன்றுமுதல் இரண்டு பிள்ளைகளுக்கானது. அவள் மகனுக்குச் சர்க்கார் டப்பா கிடையாது. அகதியாகாமல் சொந்த ஊரிலேயே பிறந்த குற்றம்.

வழியில் பிறந்தவள்தான் என்று நான் விடாமல் மனு எழுதினேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து, போன வாரம் உத்தரவு வந்தது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாததால் உத்தரவின் தேதியே பிறந்த தேதி. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. ஆக, அன்றுதான் பிறந்த என் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தே வந்தாள். குமாஸ்தா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கைக்குழந்தை எங்கே?" என்றார். "இன்னா?" என்றாள் வள்ளி, சுத்தமான மேனாம்பேட்டுத் தமிழில். அவர் முத்திரை குத்தி டப்பாவைக் கொடுத்தார்.

தெருவுக்குள் நுழைந்ததும் டப்பாவைத் தானே தூக்குவேன் என்று வள்ளி பிடுங்கிக்கொண்டாள். எங்கள் வாசலில் மரகதம் கை நீட்டி நின்றாள். எதிர்வாசலில் எல்லம்மா, இடுப்பில் மகனோடு. இரண்டு பேரையும் வள்ளி அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். "இன்னாடி, எந்த ஊட்டுக்குப் போற?" என்று எல்லம்மா சிரித்தாள். வள்ளி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு டப்பாவைக் கட்டிக்கொண்டு நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.