பூகோளப் புத்தகத்தின் அட்டை

ஷார்ஜா வீட்டில், அயர்லாந்தின் பழைய ரயில் பெட்டி வரைபடம் ஒன்றைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவே புத்தக முதுகின் அகலத்தில் இரண்டு மடிப்புகள். யாரோ அதைப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டிருக்கிறார்கள்.

பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் புத்தகங்களுக்கும் கழித்துப்போட்ட வரைபடம்தான் அட்டை. பிரதி எடுக்கும்போது ஏறிய அம்மோனியா வாடையடிக்கும். ஒருமுறை, ரயில்வேயில் படம் வரையும் டிராப்ட்ஸ்மேனான அப்பா வேலைக்காகக் கொண்டுவந்த படத்தையே அம்மா என் பூகோளத்துக்குப் போட்டுவிட்டாள்.

"காலையில ஆபீசர் கேட்பாரே, சஸ்பெண்டுதான்டி!" என்றார் அப்பா.

"பழசுன்னு நெனச்சேங்க."

கழற்றி, மடிப்புப் போக இஸ்திரி போட்டார். படத்திலிருந்த ரயில் பெட்டியின் மேல் சோற்றுப்பருக்கையால் ஒட்டியிருந்த, 'ஐந்தாம் வகுப்பு' என்று எழுதிய லேபிள் மட்டும் வரவில்லை.

மறுநாள் அதைப் படித்த அதிகாரி, "ரயில்வேல ரெண்டு கிளாஸ்தானேய்யா, அஞ்சாம் வகுப்பை எப்ப சேர்த்தே?" என்று சிரித்துவிட்டாராம். அப்பா பிழைத்தார்.

அந்த அயர்லாந்து டிராப்ட்ஸ்மேன் என்ன ஆனாரோ.