‘செத்தது’ என்று எழுதிய குழாய்

புனேயில் எங்கள் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவித் தருபவர் மேரி அக்கா. அதே ஊரின் போபோடிப் பகுதிக்காரர். அங்கே என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். அவர்மீதுதான் நான் வீண்பழி போட்டேன்.

கொங்கண் பக்கத்து வெந்நீர் ஊற்றில் எடுத்த பாக்டீரியாவின் நொதி, மாவுச்சத்தைக் கரைக்கிறதா என்று சோதித்தேன். மாவுச்சத்து மீதமிருந்தால் அயோடின் விட்டதும் நீலமாகும். ஒப்பிட்டுப் பார்க்க, கொஞ்சம் நொதியைக் கொதிக்கவைத்துச் சாகடிப்பது வழக்கம். கைப்பழக்கத்தில் இதையும் கொதிக்கவைத்து, குழாயில் ‘செத்தது’ என்று எழுதினேன். செத்த நொதி மாவுச்சத்தைக் கரைக்காது; அதில் நீலம் வந்தாக வேண்டும். மூன்று முறை செய்தும் வரவில்லை. குழாயில் பழைய நொதி ஒட்டியிருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

“குழாயை ஒழுங்கா கழுவ மாட்டீங்களா அக்கா?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

அக்கா என் கண்ணெதிரே ஒரு குழாயைக் கழுவித் தந்தார். அதிலும் நீலம் வரவில்லை.

“அரே, கொதிக்கிற தண்ணியிலயே வாழுற கிருமின்னு நீங்கதானம்மா சொன்னீங்க? அதோட சரக்கு வெந்நீருக்கா பயப்படும்?”

துள்ளிக் குதித்தேன். சூடு தாங்கும் நொதியைத்தானே இத்தனை மாதமாகத் தேடினோம்! கைக்கு வந்ததை அழுக்கு என்று திட்டியிருக்கிறேன்.

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “சோடோம்மா, விடுங்க” என்று சிரித்தபடி அக்கா ‘செத்தது’ என்று எழுதிய குழாயைக் கழுவ எடுத்தார். பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன்.

இன்றும் அது என் மேசையில்தான் இருக்கிறது. யார்மேலாவது பாய வாயைத் திறக்கும்போதெல்லாம், ‘செத்தது’ என்ற என் கையெழுத்து கண்ணில் படுகிறது.