முன்பிடிக்காரன்

எங்கள் படையில் அவனுக்கு ‘முக்கால்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் ஆறடி இரண்டங்குலம். என்னை எல்லோரும் ‘ஒட்டகம்’ என்றார்கள். அந்த எரிச்சலை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அவன் தலை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

தொண்டர் காலாட்படையில் வாரம் முழுக்க அவரவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட வேண்டும். வருஷத்துக்கு ஒரு மாதம் முகாம். சண்டை வந்தால் கடிதம் வரும். அன்று முதல் முழுநேரச் சிப்பாய். நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன். முக்காலுக்குக் கண்ணாடி வெட்டுகிற வேலை. சந்து முனையில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு கடை. ஜன்னல் கண்ணாடியை வெட்டி, பழைய தாளில் சுற்றி, தோளில் சார்த்திக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போய்ப் பொருத்திவிட்டு வருவான். நான் ஒரு வீட்டில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் படியேறியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி துளி ஆடவில்லை.

"ஏன்டா இதுல வந்து சேர்ந்த? துப்பாக்கிதான் உன்னைத் தூக்கிட்டுப் போகுது" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா பரணைச் சுத்தம் பண்ணச் சொல்றாடா. இங்க மலையேறச் சொல்றாங்க. பரணுக்கு மலை தேவலை."

அணிவகுப்பில் எப்போதும் அவன்தான் கடைசி. எங்கள் இரண்டு எட்டுக்கு அவன் மூன்று எட்டு வைக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் பயிற்சியில் அவனோடு ஜோடி சேர ஒருவனும் முன்வர மாட்டான். அவன் பக்கம் தாழ்ந்து, படுத்திருப்பவன் சறுக்கிவிடுவான். "நீ ஓரமா நில்லுப்பா" என்று சிரித்தபடி தள்ளிவிடுவோம். ஏழு வருஷம் இப்படியே போயிற்று.

பிறகு கடிதம் வந்தது. மலைக்காவலுக்குப் போன இரண்டாம் மாதம், ஒரு காலை வேளையில் குண்டு விழுந்து, எங்கள் பதுங்குகுழியின் கல்சுவர் என் இடுப்பின் மேல் சரிந்தது.

எங்களுக்கு வைத்தியம் பார்த்தவன் ஊரில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். நோயாளிக்குப் பேச்சு புரியாது என்ற நினைப்பிலேயே காலம் தள்ளியவன். என் தலைமாட்டில் நின்றுகொண்டே மற்றவர்களிடம் சொன்னான்: "இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. தட்டையாப் படுத்திருக்கிற வரைக்கும் பொழைப்பான். சாய்ஞ்சு சறுக்கினான்னா எலும்பு உள்ள குத்திடும். அப்புறம் நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல."

டாக்டரின் கூடாரம் மேட்டின் உச்சியில், அந்தப் பக்கத்து வண்டிப்பாதை முடிகிற இடத்தில் இருந்தது. வெறுங்கையோடு ஏறினாலே ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நால்வர் தூக்க வழியில்லை. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் படையிலிருந்த பேக்கரிக்காரன் முன்னால் பிடித்தான், பள்ளிக்கூடத்துப் பியூன் பின்னால். இருவரும் நல்ல உயரம். பத்தடி ஏறியதும் முன்பக்கம் உயர்ந்தது. கட்டியிருந்த கயிற்றையும் மீறி உடம்பு கால் பக்கமாகச் சறுக்கியது. நான் போட்ட சத்தத்தில் இருவரும் நின்றுவிட்டார்கள். பேக்கரிக்காரன் முதுகை இரண்டாக மடித்துப் பார்த்தான். ஐந்து எட்டுக்கு மேல் முடியவில்லை.

"தள்ளு" என்று ஒரு குரல் கேட்டது. முக்கால் வந்து முன்பிடியில் வாரை மாட்டித் தோள்களில் போட்டுக்கொண்டு தூக்கினான்.

மேட்டில் ஏறும்போது முன்னால் குட்டை, பின்னால் நெட்டை இருந்தால் ஸ்ட்ரெச்சர் மேஜை மாதிரி மட்டமாக நிற்கும். இத்தனை வருஷமாக எங்கள் யார் மண்டையிலும் இது உதிக்கவில்லை. நாங்கள் பயிற்சி செய்த மைதானம் அப்படி, ஒரே தட்டை.

பின்னால் பிடித்தவர்கள் அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். முன்னால் மாற ஆளில்லை. படையில் அந்த உயரத்துக்கு இன்னொருவன் கிடையாது.

என் தலை அவன் பக்கம் இருந்ததால் அவனை என்னால் பார்க்க முடியவில்லை. பார்த்ததெல்லாம் பின்னால் வந்த முகங்களைத்தான். பேக்கரிக்காரன் போய்ப் பியூன் வருவான், பியூன் போய்ப் பேக்கரிக்காரன் வருவான். தலைக்குப் பின்னால் மட்டும் அதே மூச்சு. எனக்குச் சாவுபயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் போகப் போக அந்த மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம்தான் பெரிதாகிவிட்டது.

வழியில் நான்கு தடவை நின்றோம். நான்கு தடவையும் அவன் கீழே வைக்கவில்லை, வாரையும் கழற்றவில்லை. பாறையில் உட்கார்ந்து, பிடிகளை முழங்கால் மேல் தாங்கிக்கொண்டான்.

"கொஞ்சம் கீழ வெச்சிட்டுக் கையை உதறுடா" என்றான் கம்பவுண்டர்.

"வேணாம். நட."

மழை தூறியது. ஒரு திருப்பத்தில் அவன் கால் வழுக்கி, முழங்கால் பாறையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்ட்ரெச்சர் அசையவில்லை. நான் படுத்திருந்த இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்திருந்தால் அதுவும் சிந்தியிருக்காது. மனிதனால் இப்படி முடியுமா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. இரண்டரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "நல்லபடியாக் கொண்டு வந்துட்டீங்க" என்றார்.

ஆஸ்பத்திரி, பிறகு வீடு என்று ஒன்றரை வருஷம் கட்டிலில் கிடந்தேன். சண்டை முடிந்து ஊர் திரும்பிய முக்கால் வாரம் தவறாமல் வந்து பார்த்தான். என் மனைவியிடம், "ஒட்டகம் படுத்தா எழ நாளாகும் தங்கச்சி" என்று சிரிக்க வைத்துவிட்டுப் போவான். அந்த மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நடக்கத் தொடங்கியதும் கைத்தடியோடு முதலில் அவன் கடைக்குத்தான் போனேன். அவன் மனைவி வெட்டுப்பலகை முன்னால் நின்று கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நூல் குறைச்சு வெட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, "என்னடா, தங்கச்சிய வேலை வாங்கிட்டு நீ முதலாளி ஆயிட்டியா?" என்றேன்.

"அவ கை சுத்தம்டா" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "உங்ககிட்டயும் சொல்லலையாண்ணே? தோள்ல வார் அழுத்தி நரம்பு போயிடுச்சு. வலது கையில மூணு விரலுக்கு உணர்ச்சி இல்ல. கண்ணாடி அறுத்து ரத்தம் ஓடினாக்கூட இவருக்குத் தெரியல. அதான் நான் கத்துக்கிட்டேன்."

"ஏய், சும்மா இரு" என்றான் அவன்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நாலு தடவை நின்னோமேடா. ஒரு தடவையாவது கீழ வெச்சு வாரை விட்டிருக்கலாம்ல?"

அவன் நாடாவைச் சுருட்டினான்.

"விட்டிருந்தா மறுபடியும் தூக்கியிருக்க மாட்டேன்டா. எனக்கு என்னைத் தெரியும்."

நான் கைத்தடியை ஊன்றி எழுந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றேன்.

"எதுக்குடா எழுந்துட்ட? டீ சொல்லியிருக்கேன், உக்காரு" என்றான்.

நான் உட்காரவில்லை.