பிள்ளைகளுக்கு அரைப்பேர் வேண்டாம்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அந்த வருஷம் ஜூனிலிருந்தே மழை விடவில்லை. கலெக்டர் லீவு விட்ட நாட்கள் போக, மற்ற நாட்களிலும் பாதிப் பிள்ளைகளால் வர முடியவில்லை. ஓணப் பரீட்சைக்கு முன்னால் மூன்று பாடம் முடித்திருக்க வேண்டும்; நான் ஒன்றுதான் முடித்திருந்தேன்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தே ஆக வேண்டும். குறைந்ததை ஈடுகட்ட ஹைஸ்கூலுக்குத் தினமும் அரை மணி கூட்ட வேண்டும். ஹெச்.எம். பெற்றோர் கூட்டம் போட்டார். அவர் மலையாளி, ஆனாலும் லயத்துத் தொழிலாளிகளிடம் தமிழிலேயே பேசப் பார்ப்பார்.

"வைகுன்னேரம் நாலரை வரைக்கும் கிளாஸ் வைக்கலாம். எல்லாருக்கும் சம்மதமா?"

ஒரு அம்மா எழுந்து நின்றார். கொழுந்தெடுக்கிறவர், மகள் என் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்ததில், இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"சாயங்காலம் வேண்டாம் சார். நாலு மணிக்குப் பிள்ளைங்க ஏறுற ஜீப்பு போயிரும். அப்புறம் மேல் டிவிஷன் பிள்ளைங்க காட்டுமாடு நிக்கிற பாதையிலல்லா நடந்து வரணும். காலையில வச்சுக்கிடுங்க. நாங்க ஏழரைக்கே வேலைக்குப் போயிருதோம். அதுக ஒன்பது மணி வரைக்கும் லயத்துல சும்மாத்தான் நிக்குதுக."

"காலையில டீச்சர்மாருக்கு பஸ் வேணுமே," என்றேன். குமுளியிலிருந்து வருகிற எனக்கு அந்த அரை மணித் தூக்கம் பெரிதாக இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"எட்டரைக்கு ஒண்ணு வருதே டீச்சர். நாங்க மேல நின்னு தெனமும் பாக்கோம்."

வரத்தான் செய்தது. நான்தான் அதில் ஏறியதே இல்லை. மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவர் ஹெச்.எம்.மிடம் தொடர்ந்தார். "நாங்க நேரம் தவறினா கங்காணி அரைப்பேர்தான் போடுவாரு, பாதிக் கூலிதான். முழு நாளும் நின்னாத்தான் ஒரு பேர். மழை பெய்ஞ்சுதுன்னு பாக்க மாட்டாக. பிள்ளைகளுக்கும் எதுக்கு சார் அரைப்பேர்? அதுகளுக்கு முழுசாக் குடுங்க."

பெண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். ஹெச்.எம். மேலே எழுதிக் கேட்டு, காலையிலேயே நடத்திக்கொள்ள அனுமதி வாங்கினார்.

முதல் நாள் எட்டரை மணி பஸ்ஸில் போய் இறங்கியபோது பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். வராந்தா முழுக்க ஈரக் குடை. அந்த நேரத்தில் அவர்களுக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. சாயங்காலம் மூன்று தடவை சொன்னாலும் ஏறாத கணக்கு ஒரே தடவையில் ஏறியது. ஒரு மாதத்தில் மற்ற டீச்சர்களும் அந்த பஸ்ஸுக்கே மாறிவிட்டார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் பாடம் முழுவதும் முடிந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்கு அப்படி முடிந்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து கடைத்தெருவுக்கு வந்த அந்த அம்மாவைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அக்கா, பாடமெல்லாம் முடிச்சாச்சு!"

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்சம் யோசித்தார்.

"பரீட்சைக்கு இன்னும் நாள் கிடக்கே டீச்சர். மொதல்லேருந்து இன்னொரு தடவை நடத்திருங்களேன்."

திங்கட்கிழமை காலையில் முதல் பாடத்தைத் திறந்தேன்.