மைனஸ் அறுபது

சவூதியிலிருந்து வந்த அண்ணன், அறந்தாங்கிக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டப் போவதாகச் சொன்னபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் மதினிதான். வீட்டை முடித்துவிட்டு இங்கேயே வெல்டிங் பட்டறை போடுவதாகப் பேச்சு. வீடியோ காலிலேயே குடும்பம் நடத்தி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

அந்தப் பேச்சில் மண்ணைப் போட்டது அண்ணனின் செல்போன். மனையின் நடுவில் நின்று ஏதோ ஒரு செயலியில் உயரம் பார்த்திருக்கிறான். மைனஸ் அறுபது மீட்டர் என்று காட்டியிருக்கிறது.

"கடலுக்குக் கீழயா வீடு கட்டுறது? இன்னொரு சுனாமி வந்தா என்ன ஆகும்? வித்துட்டுத் திருச்சில வாங்கிக்குவோம்" என்று மதினியிடம் குதித்தான். திருச்சியில் மனை வாங்கக் கையிலிருப்பது பத்தாது. மறுபடி சவூதிக்குத்தான் போக வேண்டும். தரகரிடமும் சொல்லிவிட்டான். மதினி எனக்குப் போன் போட்டு அழுதாள்.

நான் படித்தது புவி அளவையியல். கல்லூரியில் நடத்துவதும் அதுதான். நேரில் போய் உட்கார்ந்து விளக்கினேன். செயற்கைக்கோளை வைத்து உயரம் சொல்லும்போது கடலிலிருந்து அளப்பதில்லை. பூமியை வழவழப்பான, லேசாகத் தட்டிய உருண்டையாகக் கணக்கில் வைத்துக்கொண்டு அதிலிருந்து அளக்கிறார்கள். நிஜப் பூமியில் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நம் பக்கத்தில் கொஞ்சம் குறைவு. அதனால் நம் கடல் மட்டமே அந்தக் கணக்கு உருண்டைக்குக் கீழே தாழ்ந்து கிடக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப செல்லு பொய் சொல்லுதுங்கிற" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட இதைவிடப் பரவாயில்லை.

"கெளம்புண்ணே. மதினி, நீயும் வா."

மூவரும் பஸ் ஏறி மணமேல்குடிக் கடற்கரைக்குப் போனோம். பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

"இப்ப உயரத்தப் பாரு."

பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். மைனஸ் தொண்ணூற்றைந்து.

"என்னடி இது, கடலே கடலுக்குக் கீழ இருக்கு?" என்று என்னிடம் கேட்டான்.

"செல்லு பொய் சொல்லல. எங்கேருந்து அளக்குதுன்னு ஒனக்குத்தான் தெரியல. ரெண்டையும் கழிச்சுப் பாரு."

வாய்விட்டுக் கழித்தான். முப்பத்தைந்து. செல்போனில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். இருந்தாலும் அவன் மனை கடலைவிட நல்ல உயரத்தில்தான் இருக்கிறது. எத்தனையோ வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், ஒரு கழித்தல் கணக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

மதினி சேலை நனைவதைக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் வந்தாள். அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தரகரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எடத்த விக்கலைங்க. இல்லைங்க, வெலையெல்லாம் பிரச்சினை இல்ல. அவுக இனிமே எங்கிட்டும் போகல."

அந்தப் பக்கம் தரகர் நம்பவில்லை போலிருக்கிறது. அண்ணன் அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"ஆமாண்ணே, போகல!"