மிச்சம் வராத எண்

மழை பொய்த்து, பழவேற்காட்டு ஏரி சேறாகச் சுருங்கிக் கிடந்த வருஷம் அது. வலைக்கு வேலையில்லை. ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிர்க்கரையில் எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் சேற்றைக் கிளறி மட்டி பொறுக்குவோம். சதையை எல்லோரும் தின்போம். ஓடுகளை மட்டும் என் அக்கா எடுத்துக்கொள்வாள்.

அவள் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டிரண்டாக அடுக்கினாலும், மும்மூன்றாக அடுக்கினாலும், பத்துவரை எப்படி அடுக்கினாலும் ஓர் ஓடுகூட மிஞ்சக் கூடாது. அறுபது ஓடுகள் ஆறுவரை தாங்கின. ஏழில் நான்கு மிஞ்சின.

"அறுவதயே ஏழு தபா வச்சா?" என்று குதித்தாள்.

நானூற்றிருபது. அது எட்டில் உடைந்தது. இரட்டித்தாள். எண்ணூற்று நாற்பது ஒன்பதில் உடைந்தது. அதையும் மும்மடங்காக்கினாள். இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது.

அத்தனை ஓடு சேர்க்க, பக்கத்துக் குப்பத்துக் குப்பைமேடுவரை போய்ப் பொறுக்கி வந்தேன். ஒன்பதும் சரியாக வந்தது. பத்து தானாகவே வந்தது. அக்கா கைதட்டிச் சிரித்தாள்.

"இதுக்குக் கீழ இந்த மாதிரி எண்ணே கெடையாது, தெரியுமா?"

"இத்த வச்சி இன்னா பண்ணுவ?"

"இத்தினி மீனு கெடச்சா, பத்துப் பேருக்குள்ள எத்தினி பேரு வந்தாலும் பங்குல சண்ட வராது."

சும்மா உட்கார்ந்திருந்த நைனா, "இத்தினி மீனு கெடச்சா நான் பங்கே கேக்கமாட்டேன்டி" என்றார். அந்த வருஷம் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு பட்டினியில் தம்பிக்குக் கால்கள் வீங்கின. அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மா மடியில் கிடந்தான். அந்தச் சமயத்தில் ஒல்லாந்தர் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர் குப்பத்துக்கு வந்தார். பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்கு அரிசி கொடுப்பாராம்.

"கடலுக்கு அந்தாண்ட சோத்துக்குப் பஞ்சமே இல்ல" என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

"போய்யா வெளியே!" என்று நைனா கத்தினார்.

அக்காதான் எழுந்தாள். "நான் போறேன் நைனா. தம்பி தாங்கமாட்டான்."

நைனா அவளையே பார்த்தார். அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டாள். இருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை தோணியில் ஏறுமுன் அக்கா என் தலையைத் தடவினாள். "பதினொண்ணுக்கும் மிச்சம் வராம எத்தினி வேணும்னு பாத்து வையி."

"எனக்குத் தெரியாது. நீயே வந்து பாரு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அந்தக் கப்பல்களில் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மதியம் வெகுநாள் கழித்து வீட்டில் சோறு வெந்தது. கருவாட்டோடு வயிறு முட்டத் தின்றேன். தம்பிக்கும் அம்மா கஞ்சி ஊட்டினாள்.

"அக்கா எப்பம்மா இன்னொரு தபா கப்பலுக்குப் போவும்?" என்று கேட்டேன்.

நைனா கையை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போனார். தொண்டையில் முள் சிக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.