தில்லை அண்ணைக்கு மறதி இருக்கவில்லை

தில்லை அண்ணையின் எண்ணிலிருந்து செய்தி வந்தபோது நான் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "நேரம் இருந்தால் எடுங்கோ" என்று மட்டும் இருந்தது. என் வழக்கப்படி, "என்ன அண்ணை, பவுடர் கப்பல் வந்திட்டுதோ?" என்று பதில் போட்டேன். கூடவே சிரிக்கிற முகம் மூன்று. அவர் அன்று காலை காலமாகிவிட்டார். செய்தியை அவருடைய கைத்தொலைபேசியிலிருந்து எழுதியவர் அவர் மனைவி மலர் அக்கா. கணவர் இறந்த அன்று அவருக்குக் கிடைத்த முதல் அனுதாபம் என்னுடைய அந்த மூன்று சிரித்த முகங்கள்தான். சிட்னியில் இப்படியொரு காரியத்தைச் செய்ய என்னைவிட்டால் ஆள் இல்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்லவர், பண்பானவர் என்று எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது. கடைசி ஒன்றரை வருடமாக அவருக்கு மறதி வந்துவிட்டது என்று நம்மில் பலர் பேசிக்கொண்டோம். அது பொய். அந்தப் பொய் எங்கிருந்து கிளம்பியது என்பதை நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு யாரும் இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தில்லையம்பலம் குடிநீரைச் சோதிக்கிற ஓர் ஆய்வுகூடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமைகளில் நகரத்துக்கு மேற்கே ஒரு திடலுக்குப் போய்க் கடதாசி இலக்கைத் துப்பாக்கியால் சுடுவார். தமிழர், துவக்கு என்ற இரண்டு சொல்லும் ஒரே வசனத்தில் வந்தால் நம்முடைய சனம் சும்மா இருக்குமா? ஊரில், இயக்கத்தில் பெரிய ஆளாக இருந்தவராம் என்று ஒரு கதை ஓடியது. அதற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரிடமே கேட்டேன்.

"தம்பி, ஊரிலை துவக்கின்ர முன்பக்கத்தைத்தான் கண்டனான். நெஞ்சுக்கு நேரை நீட்டிக்கொண்டு நிண்டவங்கள். பின்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு பாக்க ஒரு ஆசை. அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் மூன்று அளவில் மூன்று துவக்குகள் இருந்தன. தோட்டாக்களைத் தானே செய்வார். சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கிவந்து, கழுவி, அடியில் பொறி தட்டுகிற பிரைமர் வைத்து, பவுடரை, அதாவது வெடிமருந்தை, அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்துவார். துவக்குக்கு ஒரு பவுடர் வைத்துக்கொள்வதுதான் மற்றவர்களின் வழக்கம். அண்ணைக்கு மூன்றுக்கும் ஒன்றே வேண்டும். அது லேசான காரியம் இல்லை. வேகமாக எரிவது சின்னத் தோட்டாவுக்குப் பொருந்தும், பெரியதில் ஆபத்து. மெதுவாக எரிவது பெரியதுக்குப் பொருந்தும், சின்னதில் முழுதாக எரியாமல் குழலுக்குள் கரியாக நிற்கும். இந்த நாட்டில் தை மாதத்து நாற்பது பாகை வெயிலில் இலக்குக்கு மேலே சுடுகிற பவுடர், ஆடிக் குளிரில் கீழே சுடும்.

"ஏன் அண்ணை இந்தக் கரைச்சல்? மூண்டையும் வாங்கி வையுங்கோவன்."

"மேசையிலை ஒரு டின் இருந்தால் பிழை வர வழியில்லைத் தம்பி. மூண்டு இருந்தால் ஒருநாளைக்கு வரும். திறம் எண்டு ஒண்டைத் தேடேல்லை நான். எல்லாத்துக்கும் பிழையில்லாதது எண்டு ஒண்டு இருக்கும். அதைத்தான் தேடுறன்."

"கலியாணத்தைச் சொல்லுறியளோ?"

"மலரைக் கேளும், என்னை எந்தக் கணக்கிலை எடுத்தவ எண்டு."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மலர் அக்காவிடமிருந்து பதில் வந்தது. "பிழையில்லாதது எண்டும் எடுக்கேல்லை. சாதகம் பொருந்தீட்டுது, மாட்டுப்பட்டன்!"

மூன்று வருடம் தேடினார். திடலில் நான் பக்கத்தில் கதிரை போட்டிருந்து அவர் சொல்லுகிற எண்களைக் கொப்பியில் எழுதினேன். என் எழுத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எழுதினார் என்பது வேறு கதை. உற்பத்தியாளர் புத்தகத்தில் போட்டிருக்கிற உச்ச அளவை ஒருநாளும் தொட்டதில்லை. "புத்தகம் எழுதினவனுக்கு இரண்டு கையும் இருக்கு. எனக்கும் இருக்கட்டும்" என்பார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. சாம்பல் நிறத்தில் பொடிப்பொடிக் குச்சியாக இருக்கும். எந்தத் துவக்கிலும் அது முதலாவதாக வரவில்லை, எந்தத் துவக்கிலும் ஏமாற்றவுமில்லை. வெயிலிலும் குளிரிலும் ஒரே குணம். அன்றைக்கு அவர் ஹரிஸ் பார்க்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஜிலேபி வாங்கித் தந்தார். அந்த மனிதர் சீனி தொட்டு நான் கண்ட ஒரே நாள்.

பிறகு அந்தப் பவுடர் கடைகளில் வராமல் போனது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவர் ஒரு பெரிய டின் வாங்கி வைத்திருந்தார். தொழிற்சாலையில் ஒரு முறை செய்தது போல அடுத்த முறை இருக்காதாம், ஆகவே எல்லாம் ஒரே டின்னாகவே வாங்கினார். அந்த வருடத்துப் பெரிய தூரப் போட்டியில் மூன்று துவக்கோடும் இறங்குவது என்பது அவருடைய எண்ணம்.

இனி என் பங்கு.

ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் வீட்டுக் கராஜ். கிட்டத்துப் பயிற்சிக்காக, பழைய பரிசோதனையில் மிஞ்சிய வேகமான பவுடர் ஒன்றை அளக்கிற கருவியில் நிரப்பி வைத்திருந்தார். பெரிய டின் சுவர்த் தட்டில், மூடியபடி. மெல்பேர்னிலிருந்து மகள் அழைத்தாள். "ஒண்டையும் தொடாதையும், வாறன்" என்று உள்ளே போனார். மகள்மார் அப்பாவோடு கதைத்தால் அரை மணித்தியாலம். எனக்குச் சும்மா இருக்க வராது. எங்கள் வீட்டில் அளந்து மிஞ்சிய அரிசி திரும்ப வாளிக்குள் போகும். சிந்தக்கூடாது, கிடக்கவும் கூடாது. கருவியில் இருந்ததும் சாம்பல் நிறப் பொடிக் குச்சிதான். பெரிய டின்னை இறக்கினேன், திறந்தேன், கருவியில் இருந்த முழுவதையும் அதற்குள் கொட்டினேன். கருவியைத் துணியால் துடைத்தும் வைத்தேன்.

அவர் வந்தார். கருவியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அவருடைய டின்களின் பெயர் எப்போதும் வெளியே பார்த்தபடி இருக்கும். நான் திருப்பி வைத்த டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, இதுக்குள்ளை இருந்தது எங்கை?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கலந்ததைப் பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. எவ்வளவு வேகமாக எரியும் என்று யாருக்கும் தெரியாத ஒன்றைத் தோட்டாவுக்குள் போடவும் முடியாது. நான் சொன்னேன்: "ஆவியாப் போட்டுதாக்கும் அண்ணை. வெயில்தானே."

அவர் காத்திருந்தார். நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். கறுப்புப் பேனை எடுத்துப் பெரிய டின்னின் மேல், இனிப் பாவிக்கக்கூடாது என்று, ஒரு புள்ளடி போட்டார். "தேத்தண்ணி குடிப்பம் வாரும்" என்றார்.

அடுத்த வாரம் அதைப் புல்லின் மேல் மெல்லிசாகத் தூவிக்கொண்டு நின்றார். மலர் அக்கா வடைத் தட்டோடு வெளியே வந்தார்.

"இதேன் கொட்டுறியள்? மூண்டு வருசம் தேடின சாமான்!"

"கலந்து போச்சு."

"ஆர் கலந்தது?"

"என்ர மேசையிலை கலந்தது. அப்ப நான்தானே."

என் வாயில் வடை இருந்தது. வடையையும் விழுங்கினேன், சொல்ல வேண்டியதையும் விழுங்கினேன். பிறகு, "வேறை வாங்கலாம்தானே அண்ணை" என்றேன். "வாங்கலாம். திரும்ப மூண்டு வருசம் பாக்கோணும்" என்றார். மூன்று வருடம் அவரிடம் இருக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நான் ஒரு சாதாரணக் கோழை. பிளாக்டவுனில் ஒரு பொங்கல் விழாவில் என்னைப் பகிடி பேச அழைத்தார்கள். பவுடர் தேட மூன்று வருடமும், மறந்துபோய்க் கலக்க மூன்று நிமிடமும் எடுத்த ஓர் அங்கிளைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. சிட்னியில் துவக்கும் கையுமாக எத்தனை தமிழ் அங்கிள்மார் இருக்கிறார்கள்? மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையில் அவரும் சிரித்தார். மலர் அக்கா சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவரை மறதிச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணை எனக்கு அதை ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னார். "தாளிலை மணிக்கூடு கீறச் சொல்லிச்சினம் தம்பி. கீறினன். முள்ளு சரியோ எண்டு டொக்டர் தன்ர கை மணிக்கூட்டைப் பாத்தவர்." நான் அதற்கும் சிரித்தேன்.

செத்தவீட்டில்தான் மிச்சம் தெரிந்தது. அவருடைய துவக்குக் கிளப்பைச் சேர்ந்த கென் என்ற வெள்ளைக்காரர், இறுகிய கறுப்புக் கோட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். புதியவர்களுக்குத் தோட்டா செய்யப் பழக்குகிற பொறுப்பைத் தில்லை தானாகவே விட்டுக்கொடுத்தார் என்றார். "என் மேசையில் பவுடர் கலந்துவிட்டது, இனி என்னிடம் யாரும் பழகக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தாராம். வயது போனால் யாருக்கும் வருவதுதான், பாவம் என்று தலையை ஆட்டினார். உடம்பு வருத்தத்தால்தான் அவர் கிளப்புக்குப் போவதைக் குறைத்தார் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கிளப்புக்குப் போய்க் கென்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார். நல்ல சிநேகிதன் நீ, செத்தவனுக்காகப் பழியை எடுத்துக்கொள்கிறாய், ஆனால் நீ பகிடிக்காரன் என்று தில்லை எப்போதும் சொல்லுவான் என்று சிரித்தார். இரண்டாம் முறை சொன்னேன். தேநீர் ஊற்றித் தந்தார்.

மலர் அக்காவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். கென் நம்பாதது எனக்கு ஒரு வேதனை. அக்கா உடனே நம்பியது அதைவிடப் பெரியது.

"ஒண்டரை வருசம் தம்பி," என்றார். "அடுப்பை நிப்பாட்டினியளோ, மருந்துக் குளிசை போட்டியளோ எண்டு ஒரு சின்னப் பிள்ளையை மாதிரிக் கேட்டுக்கொண்டு திரிஞ்சன். ஒருக்காலும் கோவிக்கேல்லை. ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர்." பிறகு, "நீர் இப்ப போம்" என்றார். போனேன்.

அவருடைய துவக்குகளைப் பொலிஸார் சட்டப்படி கொண்டுபோய்விட்டார்கள். கொப்பிகள் மகளிடம். என்னிடம் இருப்பது, அதற்கு மேல் ஒன்றையும் கேளாமல் அவர் எனக்காகக் காத்திருந்த அந்த ஒரு நிமிடம். மற்ற எதையும் பகிடியாக்கிவிடுகிற எனக்கு அதை மட்டும் எதுவாகவும் ஆக்க முடியவில்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவரைத் தெரிந்த நீங்களாவது நம்புங்கள்.

நான்தான் அண்ணை கொட்டினனான்.